உப்பிட்ட வீட்டின் கதை

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவரின் மகள் கொப்பியும் பேனையுமாக எம்மிடம் வந்தாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். 'சுவிஸ் நாடும் மக்களும் - பத்துச் சுவையான தகவல்கள்' என்று வகுப்பில் பேச வேண்டுமாம். ஒன்பதை எழுதி முடித்திருந்தாள். சொக்கிலேற், மணிக்கூடு, பாற்கட்டி, அல்ப்ஸ் மலை, சதுரக் கொடி, 26 மாநிலங்கள், நான்கு மொழிகள், 1863இல் ஜெனீவாவில் தொடங்கிய செஞ்சிலுவை, இரண்டு உலகப் போர்களிலும் இறங்காத நடுநிலைமை.

"பத்தாவது ஒண்டு சொல்லுங்கோ மாமா. வேற ஒருத்தரும் சொல்லாததா இருக்கோணும்."

எமக்கு உடனே ஒன்றும் வாயில் வரவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டில் உண்டு உறங்குகிறோம். ஆனால் எமக்குத் தெரிந்த சுவிஸ் வேறு. என் அட்டைக்கும் எஃப் அட்டைக்கும் பி அட்டைக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். உடுப்புத் தோய்க்கும் அறையின் திறப்பு எமக்கு எந்த நாளில் வரும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமையில் வெற்றுப் போத்தல்களைத் தொட்டிக்குள் போட்டால் அயலவர் யன்னலைத் திறந்து பார்ப்பார் என்பதும் தெரியும். குசினியில் கோப்பை கழுவுகிறவனுக்கு ஒரு நாடு எந்தப் பக்கமிருந்து தெரியுமோ அந்தப் பக்கம் மட்டும் தெரியும். இதில் எதையும் ஒரு பிள்ளை வகுப்பில் சொல்ல முடியாது.

அன்றிரவு யோசித்தபோது ஒரு கேள்வி வந்தது. அடைக்கலம் தந்த நாட்டைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்? அதன் குறைகளையும் தெரிந்துகொண்டால், தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால், அது உண்ட வீட்டுக்கு ரெண்டகமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம்மவர் சொல். நினைப்பது என்றால் என்ன என்று அந்தச் சொல் விளக்கவில்லை. நல்லதை மட்டும் நினைப்பதா, முழுவதையும் நினைப்பதா?

*

வேலை முடிந்த இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தோம். முதலில் அகப்பட்டது இந்த நாட்டின் வறுமை.

எம்மவரில் பலர் சுவிஸ் என்றென்றும் பணக்கார நாடாகவே இருந்தது என்று எண்ணியிருக்கிறார்கள். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு சூரியனை மறைத்ததால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. 1816, 1817இல் கிழக்குச் சுவிஸில் சனங்கள் புல்லைத் தின்றார்கள், பட்டினியால் செத்தார்கள். 1819இல் ஏறக்குறைய 2,000 சுவிஸ்காரர் கப்பல் ஏறிப் பிரேசிலுக்குப் போனார்கள். சில நூறு பேர் வழியிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அங்கே கட்டிய ஊருக்குத் தங்கள் ஃபிரிபூர்க் மாநிலத்தின் நினைவாக நோவா ஃபிரிபூர்கோ என்று பெயரிட்டார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் புது ஊருக்குப் பழைய பெயரை வைப்பது எமக்குப் புரியாத விடயமா?

விளைச்சல் போதாத இந்த மலைநாடு நூற்றாண்டுக் கணக்கில் ஏற்றுமதி செய்த பெரிய பொருள் மனிதர்கள். கூலிக்குப் போராடும் படைவீரர்களாக அவர்களை அயல்நாட்டு மன்னர்களுக்கு விற்றார்கள். அந்தப் படைகளில் ஒன்று எமது தீவுக்கும் வந்தது. நொய்ஷாத்தலைச் சேர்ந்த ஷார்ல் தானியேல் தெ மெரோன் என்பவர் 1781இல் ஒல்லாந்தக் கம்பனிக்காக ஒரு படையணியைத் திரட்டினார். அது நன்னம்பிக்கை முனைக்கும் பிறகு இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. 1795இல் ஆங்கிலேயர் அதிக விலை பேச, படை முழுவதும் பக்கம் மாறியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1799இல் சிறீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றதும் இதே படையணிதான். பாதியில் விட்டுவந்த எமது பல்கலைக்கழகப் படிப்பில் ஒல்லாந்தர் காலம் ஒரு பாடம். அதில் ஒரு இடத்திலும் இந்தப் பெயர் வந்ததாக நினைவில்லை.

அகதிப் பேட்டியில் 'ஏன் சுவிஸுக்கு வந்தாய்' என்று கேட்கிறார்கள். 'நீங்கள் முதலில் எங்களிடம் வந்தீர்கள்' என்று பதில் சொல்லலாமா என்றால், அது கெட்டித்தனமான பதில், சரியான பதில் அல்ல. இருநூறு வருடத்துக்கு முந்திய கூலிப்படைக்கும் இன்று படிவம் நிரப்பும் அலுவலருக்கும் ஒரு கணக்கு வழக்கும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. வயிற்றுக்காகவும் உயிருக்காகவும் ஊரை விட்டுப் போவது எம் இனத்துக்கு மட்டும் வாய்த்த விதி அல்ல. கொடுக்கும் கை, வாங்கும் கை என்று மனிதரில் இரண்டு சாதி இல்லை. ஒரே கைதான் காலத்துக்குக் காலம் மேலும் கீழுமாகத் திரும்புகிறது.

*

அடுத்து, எமக்கு முன்னால் இந்தக் குசினிகளில் நின்றவர்கள் யார் என்று தேடினோம்.

இத்தாலியர்கள். 1872 முதல் 1882 வரை கோத்தார்ட் மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் நீளமான புகையிரதச் சுரங்கம் அமைத்தவர்களில் பெரும்பாலானோர் அவர்களே. 1875இல் கோஷனன் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது நான்கு தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறு வருடங்களின் பின், 1965 ஓகஸ்ட் 30இல், மாட்மார்க் அணைக்கட்டு வேலைத்தலத்தின் மேல் பனிமலை உடைந்து விழுந்தது. செத்தவர் 88 பேர், அவர்களில் 56 பேர் இத்தாலியர். பனிப்பாறைக்கு நேர் கீழே தொழிலாளரின் குடில்கள் போடப்பட்டிருந்தன. 1972இல் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலையானார்கள். மேன்முறையீடு செய்த குடும்பங்கள் வழக்குச் செலவில் பாதியைக் கட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் 'பருவகாலத் தொழிலாளர்' என்றொரு அனுமதி இருந்தது. 1934இலிருந்து நடைமுறையில் இருந்து, 2002இல்தான் ஒழிந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை செய்யலாம், பிறகு வெளியேறிவிட வேண்டும். வேலையை மாற்ற முடியாது, மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. பிரிந்திருக்க முடியாதவர்கள் பிள்ளைகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் அந்தப் பிள்ளைகள் பூட்டிய அறைக்குள் நாள் முழுவதும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். கதவு தட்டப்பட்டால் அலுமாரிக்குள் புகுந்துகொள்ள வேண்டும். இப்படி வளர்ந்தவர்கள் இன்று முதியவர்களாகத் தங்கள் கதையைச் சொல்லி வருகிறார்கள்.

1970 ஜூன் 7இல் வெளிநாட்டவரின் தொகையை மாநிலத்துக்கு 10 வீதமாகக் குறைக்க வேண்டும் என்று ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் என்பவர் கொண்டுவந்த பிரேரணைக்கு வாக்கெடுப்பு நடந்தது (ஜெனீவாவுக்கு மட்டும் விதிவிலக்கு). 54 வீதத்தினர் எதிர்த்ததால் அது தோற்றது. ஆனால் 46 வீதத்தினர் ஆதரித்தார்கள். இன்று இத்தாலியச் சாப்பாடு இல்லாத சுவிஸ் நகரம் இல்லை. எமது முதலாளியே ஒரு இத்தாலியரின் பேரன். அகதிகள் கூடிவிட்டார்கள் என்று அவரும் சில வேளைகளில் சொல்கிறார்.

*

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி.

1938 பெப்ரவரியில் சுவிஸ் மக்கள் ஒரு வாக்கெடுப்பில் றொமான்ஷ் மொழியை நாட்டின் நான்காவது தேசிய மொழியாக ஏற்றார்கள். மலைப் பள்ளத்தாக்குகளில் ஒரு சிறு கூட்டம் பேசும் மொழி அது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள். 1956இல் எமது தீவில் நடந்ததை அறிந்த எவருக்கும் இதைக் கேட்கப் பெருமூச்சு வரும். பெரும்பான்மை தானாக முன்வந்து சிறுபான்மையின் நாக்கைத் தன்னுடைய நாக்கு என்றது.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் சுவிஸ் அரசும் ஜேர்மன் அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஜேர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் 'ஜே' என்ற எழுத்தைக் குத்துவது. அந்த எழுத்தைக் கண்டால் எல்லைக் காவலர் திருப்பி அனுப்புவதற்கு வசதி. 1942 ஓகஸ்டில் எல்லை முற்றாக இறுக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் நீதி அமைச்சர் எடுவார்ட் ஃபொன் ஸ்ரைகர் ஒரு கூட்டத்தில் பேசும்போது நாட்டை நிறைந்துபோன சிறு உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். 'படகு நிறைந்துவிட்டது' என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. போர்க்காலத்தில் 20,000க்கு மேற்பட்டோர் எல்லையில் தடுக்கப்பட்டோ திருப்பி அனுப்பப்பட்டோ இருந்தார்கள் என்று பின்னாளில் பேர்ஜியர் ஆணைக்குழு சொன்னது. எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் தர்க்கம் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டதில் தர்க்கம் இல்லை.

அப்போது சென் காலன் மாநிலப் பொலிசின் தலைவராக இருந்தவர் பவுல் குறூனிங்கர். 1938, 1939இல் ஒஸ்ரியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த யூதர்களை அவர் உள்ளே விட்டார். எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் போல அவர்களின் பத்திரங்களில் திகதியை முன்தள்ளி எழுத வைத்தார். காப்பாற்றப்பட்டவர் பல நூறு பேர் என்பதில் ஐயமில்லை, ஆயிரக்கணக்கில் என்பாரும் உண்டு. 1939இல் வேலை பறிபோனது. 1940இல் கடமை மீறியதற்கும் பத்திரத்தைத் திரித்ததற்கும் நீதிமன்றம் தண்டித்தது. ஓய்வூதியம் இல்லாமல், கிடைத்த வேலைகளைச் செய்து வாழ்ந்து, 1972இல் வறியவராக இறந்தார். 1995இல்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. இறந்து இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு.

'சுவிஸுக்கு நன்றி' என்று நாம் சொல்லும்போது அந்த நன்றி யாரிடம் போய்ச் சேருகிறது? ஸ்ரைகரும் சுவிஸ், குறூனிங்கரும் சுவிஸ். ஒருவர் சட்டத்தைக் காத்தார். மற்றவர் சட்டத்தை மீறி மனிதரைக் காத்தார். நல்லதை மட்டும் பேசுவதே நன்றி என்றால், முதலாமவரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவரை மறைத்தால் இரண்டாமவர் செய்தது என்ன என்பதும் விளங்காது. கதவு மூடியிருந்தது என்று சொல்லாமல், கதவைத் திறந்தவரை எப்படி நினைவுகூருவது?

*

நண்பரின் மகளுக்குக் குறூனிங்கரின் கதையைச் சொன்னோம். கண் வெட்டாமல் கேட்டாள். தாய்க்குத்தான் பிடிக்கவில்லை. "ஏன் தம்பி உதெல்லாம்? ரீச்சர் குறை நினைக்கப் போறா. எங்களை வைச்சிருக்கிற நாடெல்லோ?" என்றார். அந்தப் பயம் எமக்கும் தெரிந்த பயம்தான். வாடகைக்கு இருப்பவன் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவது போன்றது.

பிள்ளை அதைப் பொருட்படுத்தவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"எங்கட ஊரிலயும் ஆரையும் இப்பிடிப் போகச் சொல்லித் துரத்தினவையோ மாமா?"

"எங்களைத்தான் துரத்தினவை" என்றோம். அது உண்மை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

வேறு நாட்டவரின் கறையைப் பார்த்துச் சிரிப்பது சுகமான காரியம். சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். 1959இல் ஆண்கள் மூன்றில் இரண்டு பங்கினர் முடியாது என்று வாக்களித்திருந்தார்கள். அப்பன்சல் இன்னர்ரோடன் மாநிலத்து ஆண்கள் 1990 வசந்தத்திலும் கைதூக்கி மறுத்தார்கள். அவ்வருடம் நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டபின்தான் அங்கே பெண்களுக்கு வாக்கு வந்தது. எமது பெண்கள் 1931இலேயே வாக்களித்தவர்கள் என்று நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். அந்தச் சர்வஜன வாக்குரிமையைப் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற எம்முடைய மேட்டுக்குடித் தலைவர்களே எதிர்த்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

1990 என்றதும் இன்னொன்று வருகிறது. அப்பன்சல் ஆண்கள் கைதூக்கிய அதே வருடம், ஒக்ரோபர் மாதத்தில், வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணி நேர அவகாசம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. எல்லாமாக 70,000 பேருக்கு மேல். எம்மோடு ஒரே மொழி பேசிய சனம். அவர்கள் கடவுச்சீட்டில் எழுத்து எதுவும் குத்தத் தேவைப்படவில்லை. பெயரே போதுமாயிருந்தது.

அப்போது நாம் கைக்குழந்தை. நாம் துரத்தவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சிறு வயதில் சோனகதெருப் பக்கத்தில் கூரையில்லாத வீடுகளுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடியது நினைவிருக்கிறது. சுவரில் நீலச் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. ஒரு வீட்டில் கதவுநிலை இருந்தது, கதவு இல்லை. யாருடைய வீடு என்று நாமும் கேட்கவில்லை, பெரியவர்களும் சொல்லவில்லை. இதைப் பேசியவர்கள், எழுதியவர்கள் எம்மிடையே இருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்தது துரோகிப் பட்டம். குறூனிங்கருக்குக் கிடைத்ததும் அவப்பெயர்தான்.

*

இதை இத்தோடு நிறுத்தினால் எல்லாம் தூரத்துப் பாவமாகிவிடும். அதனால் கிட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் நாம் வேலை செய்யும் குசினியில் எரித்திரிய இளைஞன் ஒருவன் கோப்பை கழுவச் சேர்ந்தான். மெசினில் தட்டுகளை அடுக்கும் விதத்தை நாம்தான் காட்டிக்கொடுத்தோம். எமக்கு முதுகுப் பிடிப்பு வந்த வாரம் முழுவதும் உருளைக்கிழங்குப் பெட்டிகளை நிலவறையிலிருந்து அவனே தூக்கி வந்தான். தை மாதம் பிறக்க வியாபாரம் படுத்தது. இருவரில் ஒருவரை நிறுத்த வேண்டும் போலிருந்தது. முதலாளி எம்மைத் தனியே கூப்பிட்டு, 'பொடியன் எப்படி?' என்று கேட்டார்.

'நல்லவன். கொஞ்சம் மெதுவு' என்றோம்.

பொய் இல்லை. வந்து இரண்டு மாதமான எவனும் மெதுவாகத்தான் இருப்பான். முதல் இரண்டு மாதத்தில் நாமும் அப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் அந்த உண்மை எதற்குப் பயன்படும் என்று தெரிந்தே சொன்னோம். படகில் இரண்டு பேருக்கு இடமில்லை என்று எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. நாமாகவே கண்டுபிடித்தோம்.

போகும் நாளில் ஏப்ரனை மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்து கைகொடுத்தான். வேலை பழக்கியதற்கு நன்றி என்றான். அந்த நன்றியை நாம் வாங்கிக்கொண்டோம். இன்றுவரை அது எம்மிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க இடமில்லை.

'நாம்' என்று எழுதுவதால் பழி பலர் மேல் பரவிக் குறைந்துவிடும் என்று நினைக்கவில்லை. அன்று வாய் திறந்தது ஒருவர்தான். ஆனால் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்த எம்மவர் கோயில் திருவிழாவில் நின்று, இப்போது வருகிற எரித்திரியர், சிரியர், ஆப்கானியர் எல்லாம் பொய்க் கேஸ்காரர் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். எண்பதுகளில் தமிழரைப் பற்றி இதே பேச்சு இதே நாட்டில் இருந்தது. பிறகு நாம் 'உழைப்பாளிகள், அமைதியானவர்கள்' ஆனோம். அந்த நல்ல பெயரையே இன்று அடுத்தவனை அளக்கும் கோலாக்கிக் கொண்டோம். நன்றி கெட்டவர்கள் என்று நாம் சந்தேகிப்பவர்களைவிட, நன்றியைத் தமக்குப் பின்னால் வருவோருக்கு வேலியாகப் போடுகிறவர்களே உப்புக்கு ரெண்டகம் செய்கிறவர்கள்.

*

இந்த நாட்டிடம் நாம் கற்க வேண்டியது எது என்று கேட்டால், நேரத்துக்கு வருவதோ குப்பையைப் பிரித்துப் போடுவதோ எமக்கு முதலில் தோன்றவில்லை. 1995இல் சனாதிபதி காஸ்பர் ஃபில்லிகர் 'ஜே' முத்திரைக்காக மன்னிப்புக் கேட்டார். 1996இல் அமைக்கப்பட்ட பேர்ஜியர் ஆணைக்குழு பூட்டிக் கிடந்த கோப்புகளைத் திறந்து 2002இல் இறுதி அறிக்கை வைத்தது. வறிய வீட்டுப் பிள்ளைகளைப் பறித்துப் பண்ணைகளில் கூலியின்றி வேலை வாங்கிய வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கே இருந்தது. 2013இல் அமைச்சர் சிமொனெற்றா சொமாறுகா அந்தப் பிள்ளைகளிடம் அரசின் பேரால் மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பாதிக்கப்பட்டவருக்குத் தலா 25,000 பிராங் என்றது.

இதை மெச்சி மாலை போடத் தேவையில்லை. பலர் செத்தபின் வந்த மன்னிப்பு அது. வங்கிகளில் கிடந்த யூதர் பணத்தைப் பற்றி வெளியிலிருந்து நெருக்குதல் வராதிருந்தால் அந்த ஆணைக்குழு வந்திருக்குமோ தெரியாது. மன்னிப்புக் கேட்ட பிறகும் 2009இல் 57.5 வீத வாக்காளர் பள்ளிவாசல் மினாராக் கட்டுவதைத் தடைசெய்தார்கள், நாடு முழுவதிலும் நான்கு மினாராக்களே இருந்த நிலையில். திரும்பிப் பார்த்தவர்கள் மறுபடி தடுக்கி விழமாட்டார்கள் என்று இல்லை. ஆனாலும் ஒரு பத்து வயதுப் பிள்ளை இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று இந்த நாடு செய்த பிழையைச் சொல்லலாம். ஒருவரும் அவளைத் துரோகி என்று சொல்லப் போவதில்லை. எமது சங்கங்களின் மேடையில் அவள் 1990ஐப் பற்றிப் பேச விடுவோமா?

உப்பிட்டவரை நினைப்பது என்றால் அவர் முழு ஆளையும் நினைப்பது என்றே இப்போது படுகிறது. அப்படி நினைக்கப் பழகிய கண், தன்னையும் முழுதாகப் பார்க்க வேண்டிவரும். அதற்குப் பயந்துதான் நாம் சொக்கிலேற்றோடும் மணிக்கூட்டோடும் நின்றுவிடுகிறோம் போலும்.

நண்பரின் மகள் பத்தாவது தகவலாகக் குறூனிங்கரை எழுதினாள். ரீச்சர் குறை நினைக்கவில்லை. வேறு பிள்ளைகள் கேள்வி கேட்டார்களாம். அவள் எம்மிடம் கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்லப்படவில்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பாடு. தாய் கோபிப்பார். கோபித்தாலும் சோனகதெருவிலிருந்து தொடங்க வேண்டும்.